ஆடியில விதைச்சாதான் தீபாவளிக்கு அறுவடை... கையால செஞ்சு விக்கிறீங்களா, இதைப் படிங்க!

டெரகோட்டா கம்மல், க்ரோஷா பொம்மை, ரெசின் கீசெயின், பென்சில் ஓவியம்... இப்படி ஏதோ ஒன்றைக் கையால் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறீர்களா? அப்படியென்றால் இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். "சிஸ், தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள் இருக்குல்ல, 20 பீஸ் கிடைக்குமா?"

கேட்கிறவர் மேல் தப்பே இல்லை. கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால், அந்த ஆர்டரை விட்டால் காசு போகும். எடுத்தால் தூக்கம் போகும். அவசரத்தில் செய்த பொருள் சுமாராக இருந்தால், பேரும் போகும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று விவசாயிக்குச் சொன்னது இந்தத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். பண்டிகை உங்களுக்கு அறுவடை நாள். விதைப்பு மூன்று, நாலு மாசம் முன்னாடியே நடந்திருக்க வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணுங்க

முதல் வேலை, போன வருஷ பிளானை அப்படியே காப்பி அடிக்காமல் இருப்பது. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8. மொத்தம் 19 நாள் தள்ளிப்போகிறது. நவராத்திரியும் 2025-ல் செப்டம்பர் 22-ல் தொடங்கியது, 2026-ல் அக்டோபர் 11-ல்தான் தொடங்குகிறது. பொங்கலும் கிறிஸ்துமஸும் இப்படி அலையாத பண்டிகைகள்.

இப்போது நவம்பர் 8-லிருந்து பின்னால் வருவோம்.

* நவம்பர் 1: பொருள் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். அவர் அதை இன்னொருத்தருக்குப் பரிசாகக் கொடுக்க நேரம் வேண்டுமே!
* அக்டோபர் 24: கூரியரில் போட வேண்டிய கடைசி நாள். பண்டிகை நெரிசலும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் நேரம், ஒரு வாரம் கையில் இருக்கட்டும்.
* அக்டோபர் 10: ஆர்டர் க்ளோஸ். செய்ய, காய, பேக் பண்ண இரண்டு வாரம்.
* செப்டம்பர் 12: ஆர்டர் ஓப்பன்.
* ஆகஸ்ட் கடைசி: போட்டோ, விலைப்பட்டியல் எல்லாம் ரெடி.
* ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை: சாம்பிள் செய்வது, மூலப்பொருள் வாங்குவது. அதாவது, ஆடி மாசம்!

களிமண்ணில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மண் நிழலில் மெதுவாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு நாள் கூடுதலாகும். ஈரம் உள்ளே இருக்கும்போதே சூளையில் வைத்தால் வெடித்துவிடும். மழைக்கு முன்னாடியே சுட்டு எடுத்து வைத்துவிட்டால், பெயின்ட் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை பீஸ் முடியும்?

படிப்பு அல்லது வேலைக்கு நடுவில் தினமும் மூன்று மணி நேரம், வாரம் ஆறு நாள் ஒதுக்குகிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 18 மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கு மெசேஜுக்குப் பதில் சொல்லவும், பேக்கிங்குக்கும், கூரியர் ஆபீஸுக்கும் போய்விடும். மிச்சம் 12 மணி நேரம். ஒரு பீஸுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு எட்டு. ஆறு வாரத்துக்கு 48.

இதுதான் உங்கள் சீசன். 48-க்கு மேல் வருகிறவர்களிடம் "இந்த முறை ஸ்லாட் முடிஞ்சிருச்சு, பொங்கலுக்கு முதல் ஆளா உங்களுக்குத்தான்" என்று சொல்லலாம். 100 ஆர்டர் எடுத்து 60 பேருக்கு லேட்டாக அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரே கை, பல சீசன்

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று ஒரு ஊர். மண் பொம்மைக்குப் பேர் போனது. அங்கே விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் செட் என்று வேலை மாறிக்கொண்டே போகும். அதே மண்தான், அதே கைதான். பண்டிகைக்கு ஏற்ற மாதிரி உருவம் மாறுகிறது. ஒரு சீசன் கைவிட்டாலும் அடுத்தது இருக்கிறது.

உங்கள் பொருளையும் அப்படிப் பாருங்கள். நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு சின்னப் பரிசு கொடுப்பார்கள். அங்கே விலை குறைந்த, எண்ணிக்கை அதிகமான பொருள் போகும். தீபாவளிக்குக் கொஞ்சம் பெரிய பரிசு. மார்கழியில் கல்யாணம் இருக்காது, ஆனால் தை முகூர்த்தத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் தேடுவது அப்போதுதான். அந்த மாசத்தைச் சும்மா விடாதீர்கள்.

ஒரு விஷயம். பொருளின் மேல் 'ஹேப்பி தீபாவளி 2026' என்று எழுதினால் அதன் ஆயுள் அன்றோடு முடிந்தது. வாழ்த்தை டேகிலும் பெட்டியிலும் எழுதுங்கள். மிஞ்சினால் டேகை மாற்றி கார்த்திகைக்கு விற்கலாம், ஆடித் தள்ளுபடியில் அள்ளிக்கொடுக்க வேண்டியதில்லை.

காசும் மெசேஜும்

மூலப்பொருளுக்கு உங்கள் கைக்காசு ஆடியிலேயே போய்விடும், திரும்பி வருவது ஐப்பசியில்தான். அதனால் சாதாரண ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ் கேளுங்கள். பேர் எழுதியது, முகம் வரைந்தது என்றால் முழுப்பணமும் முன்கூட்டியே. 'ப்ரியா' என்று எழுதிய கீசெயினை இன்னொருத்தர் வாங்க மாட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆர்டர் விதிமுறைகளை ஒரு போஸ்ட்டாகப் போட்டுவிடுங்கள். கேட்கிறவர்களுக்கு அதையே அனுப்பலாம்.

ஆர்டர் கடைசித் தேதியை இன்ஸ்டா பேஜின் மேலேயே பின் பண்ணி வையுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் அனுப்புகிறீர்களா? உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் அது போகும். ஒவ்வொரு பார்சலிலும் "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, அடுத்த கலெக்‌ஷன் முதல்ல உங்களுக்கு வரும்" என்று ஒரு சின்னச் சீட்டு வைத்தால் போதும். ஒருமுறை வாங்கியவர் திரும்ப வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சீசன் முடிந்த வாரம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். எது முதலில் தீர்ந்தது, எது மிஞ்சியது, உங்களிடம் இல்லாத எதை நிறையப் பேர் கேட்டார்கள். அடுத்த ஆடியில் எதை விதைக்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.