அந்தக் குடை மஸ்கட் போகுமா, மாமா?

ஆபீசில் எனக்குத் தபால் ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை. கற்பனைக்கு அதில் இடமே கிடையாது (பயணப்படி பில் போடும் நாட்கள் தவிர!). அதனால்தானோ என்னவோ, 'பத்து வயசுப் பசங்களுக்கு ஒரு மாயாஜாலக் கதை எழுதினால் என்ன?' என்று தாம்பரம் மின்சார ரயிலில் ஒருநாள் தோன்றியது.

ஒரே வாரத்தில் பதினாறு பக்கம். பறக்கும் குடை! விரித்துப் பிடித்து ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டு மந்திரவாதிகள், ஒரு ஒற்றைக்கண் பூதம், கடைசியில் 'பெரியவர் சொல் கேள்' என்று ஒரு பாரா அட்வைஸ். படித்துவிட்டு நானே சொக்கிப் போனேன்.

1936-ல் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' கதை லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைத் தன் பத்து வயசுப் பையன் ரேனரிடம்தான் படிக்கக் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். பையன் 'நல்லாயிருக்கு' என்று எழுதிக் கொடுக்க, 1937-ல் புத்தகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டு ரேனர், அக்கா பையன். கூலி ஒரு ஃபைவ் ஸ்டார் சாக்லெட்.

தரையில் குப்புறப் படுத்துப் படித்தான். பூதத்துக்குப் பயப்படவில்லை. அட்வைஸ் பாராவை ஒரே தாண்டாகத் தாண்டினான்.

"மாமா, அந்தக் குடை எந்த ஊருக்கு வேணும்னாலும் போகுமா?"

"ஓ... போகுமே!"

"அப்ப மஸ்கட் போகுமா?"

சுருக்கென்றது. அத்தான் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது.

"இது சும்மா கதைடா..."

"நானா இருந்தா முதல்ல அங்கதான் போவேன். பூதத்தைப் பார்க்கப் போறானே, அவன் லூசு மாமா."

பதினாறு பக்கமும் க்ளீன் போல்டு!

ராத்திரி தூக்கம் வரவில்லை. எல்லாம் முடிகிற மந்திரம் இருந்தால் கதை எதற்கு? நம்ம அம்புலிமாமா வேதாளத்தையே பாருங்கள். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்ரமாதித்தன் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்கு ஓடிவிடும். அந்த இடுக்கில்தான் கதையே ஓடுகிறது. 1950-ல் வந்த லூயிஸின் முதல் நார்னியா கதையில், லூசி என்ற சிறுமி ஒரு துணி அலமாரி வழியாக வேறு உலகத்துக்குப் போய்த் திரும்புவாள். அண்ணன்கள், அக்காவை இழுத்துவந்து காட்டினால், உள்ளே வெறும் பலகை! யாரும் அவளை நம்பமாட்டார்கள். அங்கேதான் நாம் நம்ப ஆரம்பிக்கிறோம்.

'மாயாஜாலம்தானே, என்ன வேணா நடக்கலாம்' என்பது பெரியவர்கள் நினைப்பு. பசங்க அப்படியில்லை சார்! தெருக் கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் கேட்ச்' அவுட்டா இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை போடுகிற ஜாதி அது. ரூல்ஸ் இல்லாத ஆட்டத்துக்கு வரவே மாட்டான்கள்.

திரும்ப எழுதினேன். பூதம் காலி. அட்வைஸ் காலி. (அந்த பாராவை அடிக்கும்போதுதான் கை நடுங்கியது!) இப்போது கதையில் பையனின் அப்பா மஸ்கட்டில். குடைக்கு ஒரே ஒரு நிபந்தனை: இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் மழை பெய்தால்தான் பறக்கும். மஸ்கட்டில் வருஷத்துக்கு மழை நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மொத்தம் ஒன்பது பக்கம்.

படித்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். சாக்லெட் தண்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானிடமிருந்து போன். அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

"அப்பா, அங்க இப்ப மழை பெய்யுதா?"

"இல்லையேடா... ஏன்?"

இங்கே சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.