‘தப்பே செய்ததில்லை’ என்று சொன்னால் விமானி வேலை கிடைக்காது

த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஃபிக்லிங் மண்டபம். அங்கே நம்மவர் விழா ஒன்றில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார். “அண்ணே, உங்க பொண்ணு பைலட்டாமே? என் பையனுக்கும் ஆசை. எவ்வளவு கட்டணும்?”

2018-இல் நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். எவ்வளவு கட்டணும், எத்தனை மாதம், முடித்ததும் எங்கே வேலை? பொறியியல் கல்லூரியில் சீட்டு வாங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் வணிக விமானி உரிமம் வரை வர ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். அரசு மாணவர் கடன் உண்டு, ஆனால் விமானப் பயிற்சிக்கு அதில் உச்சவரம்பு இருக்கிறது. மிச்சத்துக்கு நாங்கள் வீட்டுக் கடனைக் கூட்டி வாங்கினோம். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு டாலர் கட்டும் முன்னால் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். நிறப் பார்வையிலோ இதயத்திலோ சிக்கல் இருந்தால் அது முதலிலேயே தெரிந்துவிடட்டும்.

உரிமம் கையில் வந்த அன்று பாயசம் வைத்தோம். அது 2020 தொடக்கம். சில வாரங்களில் நாடு எல்லையை மூடியது. ஏர் நியூசிலாந்து நூற்றுக்கணக்கான விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பெரிய 777 விமானங்களில் சில கலிபோர்னியா பாலைவனத்தில் போய் நின்றன. என் மகள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிப்டில் அரிசி மூட்டை அடுக்கினாள். உரிமம் என்பது வேலை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு பயிற்சியாளர் தகுதி எடுத்து ஆர்ட்மோர் விமானத் திடலில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் மணிக்கணக்கு ஏறும். விமான நிறுவனங்கள் முதலில் பார்ப்பது லாக் புத்தகத்தில் அந்த மணிக்கணக்கைத்தான். அதற்கப்புறம் கணினியில் திறன் தேர்வு, குழுப் பயிற்சி, நேர்காணல், சிமுலேட்டர். இவ்வளவும் தாண்டினாலும் உடனே சீட்டு கிடைக்காது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடுவார்கள். அங்கிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் 68 பேர் உட்காரும் ஏடிஆர் விமானத்தில் துணை விமானி வேலைதான். நம் ஊர்க்காரர்கள் கனவு காணும் ஜெட் அதற்கப்புறம்.

2024-இல் அவளுக்கு முதல் நேர்காணல் வந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். தயார் செய்தது நான்தான். இருபது வருடம் ஐடியில் இருந்தவன், இண்டர்வியூ வித்தை எனக்குத் தெரியாதா? “தப்பு ஏதாவது செஞ்சிருக்கியான்னு கேட்டா மாட்டிக்காதே. ரொம்ப உழைக்கிறதுதான் என் குறைன்னு சொல்லிடு.”

அப்படியே கேட்டிருக்கிறார்கள். அப்படியே சொல்லியிருக்கிறாள். அடுத்த கேள்வி: உங்களைவிட மூத்தவர் தப்பு செய்ததைப் பார்த்தபோது என்ன செய்தீர்கள்? “அப்படி ஒன்றும் நடக்கவில்லை” என்றிருக்கிறாள். இரண்டு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. இல்லை.

எனக்குக் கோபம். நிறம் பார்க்கிறார்கள், பெயர் பார்க்கிறார்கள் என்று வீட்டில் கத்தினேன். அப்படி நடக்கவே நடக்காது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் அமைதியாக லேப்டாப்பைத் திருப்பி டெனெரிஃப் விபத்தைப் பற்றிக் காட்டினாள்.

1977 மார்ச் 27. பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கேஎல்எம் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர். புறப்பட ஓடத் தொடங்கிய பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளருக்குச் சந்தேகம்: பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ? கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. 583 பேர் செத்தார்கள். விமானி அறைக்குள் இளையவர் மூத்தவரைத் தடுத்துப் பேச வேண்டும் என்று உலகம் முழுக்கப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்ததற்கு அந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

எரபஸ் பற்றி இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். 1979-இல் 257 பேர் இறந்த அந்த விபத்தில் முதலில் பழி விமானிகள் மேல்தான் விழுந்தது. கணினியில் பாதையின் புள்ளிகளை மாற்றிவிட்டு விமானிகளிடம் சொல்லவில்லை என்பது நீதிபதி மஹோன் விசாரணையில்தான் உரக்கச் சொல்லப்பட்டது.

“அப்பா, அவங்க என்கிட்ட தப்பைத் தேடல. தப்பு நடந்தா மறைப்பேனா, பெரியவங்கன்னா பயந்து சும்மா இருப்பேனா, அதைத்தான் பார்க்கறாங்க.”

அவளை நாங்கள் எப்படி வளர்த்தோம் என்று யோசித்தேன். 97 மார்க் வாங்கினால் மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டிருக்கிறேன். எதிர்த்துப் பேசாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. மரியாதை என்றுதான் சொல்லிக் கொடுத்தோம். இந்த ஒரு வேலைக்கு அதுவே தடையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது?

மறுபடி அழைப்பு வந்தபோது, “இந்தத் தடவை எதுவும் சொல்லித் தராதீங்கப்பா” என்றாள். இரண்டு நாள் எனக்கு முகம் தொங்கித்தான் இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பது பின்னால் தெரிந்தது. ஒரு நாள் டாங்கில் எரிபொருளைக் குச்சி விட்டு அளக்காமல், முந்தைய குறிப்பை நம்பி விமானத்தை நகர்த்திவிட்டாளாம். ஓடுபாதைக்குப் போகிற வழியில் நினைவு வந்து திரும்பி வந்து அளந்தாளாம். யாரும் பார்க்கவில்லை. தானே அறிக்கை எழுதிக் கொடுத்தாளாம். இதை எங்களிடம்கூட அவள் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். ஏர் நியூசிலாந்து 2024-இல் மாங்கோபாரே என்று ஒரு பயிற்சித் திட்டம் அறிவித்தது. முழுச் செலவும் நிறுவனத்துடையது, 30 பேர் வரை எடுப்பார்கள். என் மகள் காலத்தில் அது இல்லை. வரிசையில் நின்றவரிடம் அதைப் பற்றி முதலில் சொன்னேன். பிறகு, “உங்க பையன் உங்களை எதிர்த்துப் பேசுவானா?” என்று கேட்டேன்.

“அய்யய்யோ, ரொம்ப அடக்கமான பையன்ணே” என்றார் பெருமையாக. சாம்பார் வாளி எங்கள் பக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசலாம் என்றேன்.