எல்லைக்கு வெளியேதானே என்கிறவர்களுக்கு

ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆனால் கடலைக் கண்கொட்டாமல் பார்க்கும் அலுவலகம் ஒன்று பிரகதி நகரில் இருக்கிறது. இன்காய்ஸ் என்பார்கள். மீன் எங்கே கூடும், சுனாமி வருமா என்று சொல்வதோடு, 2011 முதல் பவளப்பாறைகளுக்கும் எச்சரிக்கை தருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகி, சில வாரம் அப்படியே நின்றால் பவளம் வெளுத்துவிடும். பவளத்துக்கு அது காய்ச்சல். இங்கிருந்து கவனிக்கப்படும் இடங்களில் மன்னார் வளைகுடாவும் ஒன்று.

அந்த வளைகுடாக் கரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் ராமநாதபுரத்துப் பிள்ளைகளோடு ஈரானி சாய் குடிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "பவளம் கரையோரத்தில் இருக்கு, எரிவாயு தேடப்போறது ஆழ்கடல்ல. அப்புறம் ஏன் அண்ணே மீனவங்க எதிர்க்கிறாங்க?"

நியாயமான கேள்வி. முதலில் அளவைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, 1986-இல் 560 சதுர கிலோமீட்டரில் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. 1989-இல் அதையும் சேர்த்து 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அதை ஒட்டிய ஆழ்கடலில் டெண்டர் விட்ட வட்டாரம் மட்டும் 9,990 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட காப்பகத்தின் அளவுக்கு இன்னொரு கடல்.

தேடல் சத்தத்தில்தான் தொடங்கும். கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் சில நொடிக்கு ஒருமுறை வெடித்து, எதிரொலியை வைத்து அடிப்பாறையைப் படம் பிடிக்கும். அடுத்து துளையிடுதல். அதில் ரசாயனம் கலந்த சேறும் பாறைத்தூளும் வெளிவரும். பவளம் தன் உடம்புக்குள் வாழும் நுண்பாசியை நம்பியே உயிர் வாழ்கிறது, அந்தப் பாசிக்கோ வெளிச்சம் வேண்டும். கலங்கல் படிந்தால் இரண்டுக்கும் ஆபத்து. ஆழ்கடல் சேறு முழுக்கத் தீவுவரை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கிணறு வெடித்தால் வரும் எண்ணெய்தான் பெரிய பயம். வாடைக் காலத்தில் ஒரு பக்கமும் கச்சான் காலத்தில் மறுபக்கமும் ஓடும் நீரோட்டத்துக்கு எந்த வரைபடக் கோடும் தெரியாது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த கிணறு சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. 87 நாள் எண்ணெய் கக்கியது. 11 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆழ்கடல் பவளமும் பாதிக்கப்பட்டது.

ஆனால் மீனவர் கோபத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரலைப் பாறை கிழிக்காமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு மூழ்குவார்கள். பவளம் கெடக்கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் தீவுப் பக்கம் போனால் வனத்துறை விரட்டும். கடல் அட்டை பிடிக்க 2001-இல் தடை வந்து, பல வீடுகளில் வருமானம் நின்றது. இத்தனையும் பவளத்தின் பேரால். அதே பவளத்தின் பக்கத்தில் துளை போட ஏலம் விட்டால் அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? அவர்கள் பக்கம்தான் நான்.

டெண்டரைக் கைவிடும்படி 2025-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். எழுதத்தான் முடியும், எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. காவிரி டெல்டாவுக்காக 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த வேளாண் மண்டலச் சட்டம் இந்த ஆழ்கடலுக்குச் செல்லாது.

அதே 2020 ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை மத்திய அரசு பி2 பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. கப்பல் வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், பேசுவதற்கென்று ஒரு கூட்டமே இருக்காது. அதனால்தான் டெண்டர் விட்ட உடனேயே எதிர்க்கிறார்கள்.