பெற்றோருக்கு ஓர் அறை: பிஸ்கட்டவேயில் வீட்டைப் பெருப்பித்தல்

ஊரிலே வீட்டில் இடம் போதாதெனில் பக்கத்தே ஒரு பத்தியை இறக்கிவிடுவோம். மேசனும் தச்சனும் வந்தால் போதும். வேலிக்கு அப்பாலிருப்பவர் சண்டைக்கு வராதவரை கேட்பாரில்லை. நியூ ஜேர்சி மாநிலத்தின் பிஸ்கட்டவேயில் வீடு வாங்கிய எம்மவர், தாய் தந்தையரை அழைப்பித்தபின் அச்சத்துடன் கேட்கும் கேள்வி வேறு: இத்தனை பேர் ஒரு கூரையின்கீழ் வாழச் சட்டம் இடந்தருமா?

இடந்தரும். ஓகாயோ மாநிலத்தின் கிழக்கு கிளீவ்லாந்தில் ஐனெஸ் மூர் என்னும் மூதாட்டி தம் மகனோடும் இரு பேரர்களோடும் வாழ்ந்து வந்தார். பேரர்கள் உடன்பிறந்தோரல்லர், ஒன்றுவிட்ட சகோதரர்கள். நகரசபை வகுத்த 'குடும்பம்' என்பதனுள் இவ்வுறவு அடங்காதென 1973 இல் அறிவித்தல் வந்தது. தாயை இழந்து தம்மிடம் வந்த பேரனை வெளியேற்ற அவர் மறுத்தார். ஐந்து நாட் சிறையும் 25 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. 1977 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற நிலையில், அத்தண்டனையை நீக்கியது. பிஸ்கட்டவேக்கு அண்மையிலுள்ள பிளெயின்பீல்டில் எழுந்த வழக்கொன்றில் 1979 இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது: ஒரே குடும்பம்போல் வாழ்வோரை, இரத்த உறவில்லை என்பதற்காக மட்டும் தடுத்தலாகாது.

ஆகவே, அளவுக்கு மீறிய நெருக்கடி இல்லாதவரை, யார் வாழ்வது என்பதிற் சிக்கலில்லை. சிக்கல் சுவரிலும் அடுக்களையிலுமே உண்டு.

காணி எல்லையிலிருந்து விடவேண்டிய இடைவெளிக்குள் புதிய சுவர் புகாதாயின், சோனிங் அதிகாரியின் ஒப்புதலோடு கட்டிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கு 20 வேலைநாட்களுள் முடிவு தரப்படல் வேண்டும். இடைவெளியில் இரண்டடி குறைந்தாலும் சோனிங் சபையிடம் விதிவிலக்குக் கோர நேரும். பெற்றோரின் அறையில் தனி அடுப்பும் தனி வாசலும் அமைத்தாலோ, ஒரு குடும்ப வீடு இரு குடும்ப வீடாகிவிட்டதெனக் கருதப்படக்கூடும். அத்தகைய விதிவிலக்குக்குச் சபையில் ஐந்து வாக்குகள் வேண்டும். சைவ அடுக்களை வேறு, மச்ச அடுக்களை வேறு என்று வாழ்ந்த முதியோருக்கு இதை விளக்குவது எளிதன்று. அடுப்பைப் பின்னர் இரகசியமாகப் பூட்டலாம் எனக் கூறும் ஒப்பந்தகாரரை நாம் நம்பலாகாது. வீட்டை விற்கும் வேளையில் அவ்விரகசியம் வெளிப்படுவதுண்டு.

விதிவிலக்குக் கோருவோர், 200 அடிக்குள் காணியுடைய அனைவருக்கும் விசாரணைக்குப் பத்து நாட்களேனும் முன்னதாக, நேரிலோ 'சேர்ட்டிபைட் மெயில்' தபாலிலோ அறிவித்தல் கொடுத்துப் பொது அறிவித்தலும் வெளியிடல் வேண்டும். பெயர்ப்பட்டியலை நகரசபையிடம் கேட்டுப் பெறலாம். கட்டணம் 10 டொலர் அல்லது பெயருக்கு 25 சதம், இவற்றுள் கூடியது. கடிதம் போவதற்கு முன்பே வரைபடத்துடன் அயலவர் வீட்டுக்குச் சென்று பேசுதல் நன்று. எம்மவரோ கூச்சத்தால் இதைத் தவிர்த்துவிட்டு, விசாரணையன்று எதிர்ப்பைக் கண்டு திகைக்கின்றனர்.

விசாரணையிற் பலர் தவறுவது இன்னோரிடத்தில். தாயின் நோயையும் தம் இடநெருக்கடியையும் உருக்கமாக எடுத்துரைக்கின்றனர். 1975 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் 'இடர்' என்று கூறுவது ஆளின் இடரையன்று, காணியின் இடரை: அதன் ஒடுக்கம், ஆழக்குறைவு, கோணலான வடிவம், மேடுபள்ளம். எனவே நில அளவைப் படமே முதற் சாட்சி. காணி ஒழுங்காயிருப்பின், தீமையினும் நன்மை மிகுதி என்று நிறுவும் மற்றொரு வழி உண்டு.

அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ளோர் சபைமுன் செல்ல அஞ்சுகின்றனர். இவ்விண்ணப்பத்திற்கு வேண்டப்படுவது காணியின் உரித்தேயன்றிக் குடியுரிமையன்று.

விண்ணப்பம் முழுமையானதென ஏற்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்களுள் சபை முடிவு கூறல் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் உடனே அத்திவாரம் வெட்டுதல் அவசரமாகும். முடிவு பற்றிய அறிவித்தல் வெளியாகி 45 நாட்கள்வரை அயலவர் நீதிமன்றம் செல்லலாம்.