மஞ்சளும் பெருங்குடல் புற்றுநோயும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த தாராபுரத்துக்கு, மஞ்சள் சொந்தச் சரக்கு மாதிரிதான். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கும், விசேஷ நாளில் தால்ச்சாவுக்கும் மஞ்சள்தூள் இல்லாமல் நம் வீடுகளில் ஆகாது.

அதனால்தான் "மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இதில் எவ்வளவு உண்மை? குறிப்பாகப் பெருங்குடல் புற்றுநோய் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

குர்குமின் என்றால் என்ன?

மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளின் பெயர் குர்குமின். மஞ்சள்தூளில் இது ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்குதான். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட பெருங்குடல் புற்றுச் செல்கள் மீது இதைச் செலுத்தியபோது, செல்கள் பெருகும் வேகம் குறைந்தது. பல செல்கள் தாமாகவே அழிந்தன. உடலில் அழற்சியைத் தூண்டும் சில புரதங்களையும் குர்குமின் அடக்குகிறது. நீண்டகால அழற்சிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதால் விஞ்ஞானிகளின் கவனம் இதன் பக்கம் திரும்பியது.

ஏன் பெருங்குடல்?

குர்குமினுக்கு ஒரு பெரிய குறை உண்டு. சாப்பிட்டால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேரும். பெரும்பகுதி குடல் வழியாகவே வெளியேறிவிடும். மற்ற உறுப்புகளின் புற்றுநோய்க்கு இது தடை. ஆனால் பெருங்குடலில் மருந்து நேரடியாகவே போய்ப் படுகிறது. அங்கே பலன் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்கு இதுவே காரணம்.

மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் குர்குமின் இரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேரும் என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். "மஞ்சளோடு மிளகு" என்ற அறிவுரைக்கு அந்த ஆய்வு ஒரு முக்கிய ஆதாரம்.

மனிதர்களிடம் என்ன நடந்தது?

சிலருக்குப் பரம்பரையாகவே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் வரும். கவனிக்காமல் விட்டால் அவை புற்றுநோயாக மாறும். அத்தகைய 5 பேருக்குக் குர்குமினையும், வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினையும் சேர்த்து 6 மாதம் கொடுத்தார் அமெரிக்க மருத்துவர் மார்சியா குரூஸ்-கொரேயா. கட்டிகளின் எண்ணிக்கை சராசரியாக 60 சதவீதம் குறைந்ததாக 2006-இல் அவரது குழு அறிவித்தது. உலகமே ஆர்வத்தோடு பார்த்தது.

அதே மருத்துவர் அத்தோடு விடவில்லை. இந்த முறை 44 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் 3 கிராம் குர்குமின். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2018-இல் இந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், நோய் முற்றிப் பரவிய 28 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்குக் கீமோதெரபி மட்டும். மற்றவர்களுக்கு அதனுடன் தினமும் 2 கிராம் குர்குமின். சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பானது என்று 2019-இல் அறிவித்தார்கள். குர்குமின் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவும் தெரிந்தது. ஆனால் 28 பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கேயும் கீமோதெரபியை யாருக்கும் நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சமையல் மஞ்சள் போதுமா?

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 0.1 கிராம்கூட இருக்காது. ஆய்வில் கொடுத்த 3 கிராம் கிடைக்க வேண்டுமானால் தினமும் 100 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும். யாராலும் முடியாது, முயலவும் கூடாது.

சரி, கடையில் விற்கும் குர்குமின் மாத்திரை? அதிக அளவில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியுள்ளது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கீமோதெரபி எடுப்பவர்கள், என்ன சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மலத்தில் இரத்தம் வந்தால் "மூலம்தான், சூடுதான்" என்று சொல்லிக் கைவைத்தியத்தில் காலம் கடத்துவது நம்மிடம் அதிகம். வெட்கத்தால் வீட்டுப் பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை, தொடர்ந்த வயிற்றுவலி ஆகியவையும் எச்சரிக்கைதான். கொலனோஸ்கோப்பி பரிசோதனையில் கட்டியைப் பார்த்து, புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அப்போதே அகற்றிவிடலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்திருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சைகள் அடங்கும்.

நிவாரணம் தருபவன் அல்லாஹ். மருந்தைத் தேடுவது நம் கடமை. மஞ்சள் நம் சமையலில் இருக்கட்டும். ஆனால் அதை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் உறவினர் யாராவது இருந்தால், இன்றே அவர்களிடம் பேசுங்கள்.