பெரெம்பாங்கும் பெரெபாட்டும்

சிலாங்கூர் ஆற்றங்கரையில், புக்கிட் ரோத்தானை அடுத்த கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறுபவர்கள் மின்மினியைப் பார்க்கிறார்கள். அது கூடும் மரத்தைப் பார்ப்பதில்லை. அந்த மரம் பெரெம்பாங். அதன் நெருங்கிய உறவான பெரெபாட் கடல்முகச் சேற்றில் நிற்கிறது. சொனரேசியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டுக்கும் சேற்றைத் துளைத்து நிமிரும் மூச்சுவேர்கள் உண்டு. பெரெம்பாங்கின் இலை நீளம், இதழ் சிவப்பு. பெரெபாட்டின் இலை வட்டம், பூ வெள்ளை. காயைக் கையில் எடுத்தால் சந்தேகமே வராது: பெரெம்பாங்கில் புல்லி தட்டையாக விரிந்திருக்கும், பெரெபாட்டில் பின்னோக்கி மடங்கியிருக்கும். இவற்றைப் பிரித்து வைத்திருப்பது உப்பு. பெரெபாட் கடல்நீரைத் தாங்கும். பெரெம்பாங்குக்கு ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்த கரை வேண்டும்.

இரண்டும் இருட்டிய பின்தான் பூக்கும். விடிந்தால் மகரந்தத் தாள்கள் உதிர்ந்து கிடக்கும். இரவில் வருகிற விருந்தாளி வௌவால். பத்துமலைக் குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள் பெரெபாட் பூவைத் தேடி 38 கிலோமீட்டர் வரை பறப்பதை ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் எழுதினார்கள். டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இதே வௌவால்தான். டுரியானோ சில வாரங்களே பூக்கும். மற்ற மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடும் மரங்களில் பெரெபாட்டும் ஒன்று. கடலோரக் காட்டை அழித்தால் உள்நாட்டு டுரியான் தோப்பிலும் காய்ப்புக் குறையலாம் என்பதை நாம் இன்னும் கணக்கில் எடுப்பதில்லை.

வெட்டிய இடத்தில் ஏதோ ஒரு சதுப்பு மரத்தை நட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, கடல்முகத்து உப்பில் பெரெம்பாங் நிலைக்காது. மின்மினி இலையைத் தின்பதில்லையே, வேறு மரத்தில் உட்காராதா என்பது அடுத்த கேள்வி. சில சமயம் உட்காரும்தான். ஆனால் சிலாங்கூர் ஆற்றில் அது பெரிதும் நாடுவது பெரெம்பாங்கை. அந்த மரம் மட்டும் நின்றாலும் பயனில்லை. மின்மினியின் புழு கரைக்குப் பின்னாலுள்ள ஈரநிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. செம்பனையை ஆற்றின் விளிம்புவரை நட்டு, கால்வாய் வெட்டி நிலத்தை உலர்த்தினால் புழுவுக்கு இடமில்லை. மேலே அணை கட்டி நீரை எடுக்க எடுக்க, கடலுப்பு ஆற்றில் இன்னும் உள்ளே ஏறும். பெரெம்பாங்குக்கு ஏற்ற கரை குறுகும். ஆகவே மரம் நடுவிழாவுக்கு முன் அந்தக் கரையின் உப்பை அளக்க வேண்டும், பின்னாலுள்ள ஈரநிலத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்ற அறிவிப்பில் இவை இரண்டும் இடம்பெறுவதே இல்லை.