தவழும் குழவியும் நம் இல்லங்களும்

புறநானூற்றில் 188ஆம் பாட்டாக நிற்கும் பாண்டியன் அறிவுடை நம்பியின் செய்யுளைத் தமிழ் மாணவர் அறியாரல்லர். உண்கலத்தின் அருகே தளர்நடையிட்டு வந்த மகவு கையை நீட்டுகிறது, கலத்தினுள் விடுகிறது, பற்றுகிறது, வாயிற் கொள்கிறது, சோற்றை மேனியெங்கும் அப்பிக்கொள்கிறது. அதனைக் கண்டு மகிழ்வதே வாழ்நாளின் பயன் என்பது அவ்வரசப் புலவர் துணிபு. நாம் ஈண்டு அப்பாட்டின் நயத்தை விரித்துரைக்கப் புகவில்லை. அதே செய்கைகளை அவ்வாறே வைத்துக்கொண்டு, சோற்றுக் கலம் இருந்த இடத்தில் அடுப்பினின்று இறக்கிய இரசத்தையோ, அரிவாள்மணையையோ, கொசுவை ஓட்டும் மருந்துப் புட்டியையோ வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். குழவியின் கை பாண்டியன் காலத்துக் கையேதான். அதன் எதிரே கிடக்கும் பொருள்களே மாறின.

பிள்ளைத்தமிழ் பாடினோர் முதற்கண் அமைத்தது காப்புப் பருவம். அதன்பின் ஐந்தாந் திங்களில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரையும், ஒன்பதாந் திங்களில் அமர்ந்து கைகொட்டும் சப்பாணியும், ஓராண்டளவில் அடியெடுத்து வைக்கும் வருகையும் முறையே வரும். இல்லத்தைக் காவல் செய்ய விழைவோர்க்கும் இப்பகுப்பு மிகப் பயன்படும். செங்கீரைக் குழவிக்குத் தரையே உலகம்; சப்பாணிக் குழவிக்கு ஒரு முழ உயரம் எட்டும்; வருகைப் பருவத்ததற்கோ மேசை விளிம்பும், அதில் தொங்கும் துணியும், அத்துணியின்மேல் நிற்கும் காப்பிக் குவளையும் எட்டும். சென்ற திங்கள் எட்டாதது இத்திங்கள் எட்டும் என்பதனைப் பெற்றோர் பெரும்பாலும் ஏதம் நிகழ்ந்த பின்னரே உணர்கின்றனர்.

குழவியை அடக்குவதா, இல்லத்தைத் திருத்துவதா என்னும் வினாவிற்கு விடை கூறிய பேரறிஞர் ஒருவர் நம் சென்னை அடையாற்றிலேயே சில்லாண்டு வாழ்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்து, மருத்துவப் பட்டம் பெற்று, 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோமையில் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ என்னும் பகுதியில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். பிரமஞான சபையார் அழைப்பினை ஏற்று 1939ஆம் ஆண்டு நவம்பரில் தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றுச் சோலையில் அவர் நடத்திய முதற் பயிற்சி வகுப்பிற்கு இந்தியாவின் பல பகுதிகளினின்றும் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர் வந்து கூடினர். 1940ஆம் ஆண்டு சூனில் இத்தாலி போரிற் புகவே, மாரியோ பகைநாட்டார் என்று சிறைக்காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுச் சபையெல்லைக்குள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளன்று மகனை அரசாங்கத்தார் விடுவித்து அனுப்பினர். போரினால் நேர்ந்த இத்தடையே அம்மையாரை நம் நாட்டில் நெடுங்காலம் நிறுத்தியது எனலாம்.

அவர் கொள்கையின் உயிர்நிலை இது: குழவி கையினாற் கற்கிறது, ஆதலின் கையைத் தடுப்பது கல்வியைத் தடுப்பதாகும், தடுக்க வேண்டாதபடி சூழலை முன்னரே ஆயத்தஞ் செய்தல் வளர்ந்தோர் கடன். சிறு நாற்காலியும், குழந்தைக்கு எட்டும் அடுக்குகளும் அவர் பள்ளியில் இதனாலேயே இடம்பெற்றன. உடையக்கூடிய கண்ணாடிக் குவளைகளையும் அவர் சிறுவர் கையிற் கொடுத்தார். விழுந்தால் உடையும் என்பதனைக் குவளையே கற்பிக்கும் என்றார். இவ்விடத்து நாம் ஒன்று சொல்லாமற் போகவியலாது. குவளை கற்பிக்கும் பாடத்திற்குப் பின்னர் மறுபாடம் உண்டு. கிணறு கற்பிக்கும் பாடத்திற்குப் பின்னர் மறுபாடம் இல்லை. எனவே, ஆசிரியராகத் தகும் பொருள் யாது, தகாத பொருள் யாது என்று பிரித்தறிதலே இல்லக் காவலின் முதல் வேலை.

மயிலாப்பூர் மாடவீதிகளை அடுத்திருந்த பழைய இல்லங்களை நோக்குக. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டில் கிணறு என்று அவை நீண்டு கிடந்தன. அவற்றிலும் ஏதம் இல்லாமலில்லை. ஆயினும் உயர்ந்த வாசற்படி தவழும் குழவியைத் தடுத்தது; பாட்டியார், அத்தையார், பக்கத்து வீட்டார் என்று பல கண்கள் அதனைத் தொடர்ந்தன. இன்று அவ்விடங்களிற் பெரும்பாலானவற்றில் அடுக்ககங்கள் எழுந்துள்ளன. தியாகராய நகரிலும் தோட்டம் சூழ்ந்த தனிவீடுகள் இருந்த மனைகளில் பல குடும்பங்கள் மாடி மாடியாக வாழ்கின்றன. வாசற்படி போயிற்று, கண்களும் குறைந்தன. தாய் அடுப்படியில் நிற்கையில் குழவியை நோக்குவதற்கு வேறொருவர் இல்லாத வீடுகள் மிகுதி. பழங்காலத்தார் கண்ணினாற் செய்த காவலை இன்று நாம் தாழ்ப்பாளினாற் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வேலையைத் தொடங்குவோர் முதலிற் செய்யத்தக்கது, நகைப்பிற்கிடமாகத் தோன்றினும், தாமே கைகளையும் முழந்தாள்களையும் ஊன்றி வீடு முழுதும் ஒருமுறை தவழ்ந்து வருதலாகும். நின்று நோக்குவார்க்குத் தோன்றாத கட்டிலடி ஊக்கும், மேசைக்கடியில் ஒட்டியிருக்கும் மாத்திரையும், சுவரடி மின்துளையும் அப்போதுதான் தோன்றும்.

நம் நகரத்திற்கே சிறப்பாக உரிய இடர் நீரே ஆகும். சென்னை, நீருக்கு ஏங்கும் ஊர். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டிடந்தோறும் கட்டாயமாக்கியதும், 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு நகரத்தார் லாரித் தண்ணீரை நோக்கி நின்றதும் யாவரும் அறிவர். அதனால் குடம், வாளி, பீப்பாய், தரைக்கடியில் தோண்டிய தொட்டி என்று கிடைத்த கலமெல்லாம் நீர் நிரப்பி வைப்பது இவ்வூரார்க்குப் பழக்கமாயிற்று. குளிப்பறை வாளியிற் பாதி நீர் நிற்கிறது. அதிற் குழந்தை எங்ஙனம் மூழ்கும் என்று வினவுவோர் உண்டு. இளங்குழவிக்கு உடலளவை நோக்கத் தலை பளுவானது. வாளி விளிம்பைப் பற்றி உள்ளே எட்டிப் பார்க்கும்போது தலை முன்னே சாயுமாயின் மீண்டெழுதற்கு அதன் கைகளில் வலியில்லை. வாளியோ நீரின் கனத்தாற் கவிழாது நிற்கும். சில அங்குல நீர் மூக்கையும் வாயையும் மறைத்தாற் போதும். அது கூவாது, நீரை அடித்து ஓசையெழுப்பாது. பெரும்பாலும் அமைதியாகவே முடிந்துவிடும். ஆதலால் இரவில் நிரப்பிய வாளியை மூடுக. மூடியில்லையேல் குளிப்பறைக் கதவின் வெளிப்புறத்தே, குழவிக்கு எட்டாத உயரத்தில், தாழ்ப்பாள் ஒன்று அமைக்க. தரைத் தொட்டியின் இரும்பு மூடி பல வீடுகளில் வாயிலருகே, வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. துருவேறிய மூடி மிதித்தாற் சரியும். லாரிக்காரர் நீர் விட்டுச் சென்றபின் மூடியை மீண்டும் பொருத்திப் பூட்டுவது யார் பொறுப்பு என்பது அடுக்ககங்களில் எவர்க்கும் தெரிவதில்லை. பலர்க்குரிய தொட்டி ஒருவர்க்கும் உரியதன்று என்றாகிவிடுகிறது. இதற்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமித்தலே வழி.

அடுக்களையைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. வாணலியின் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பி இருத்தல் வேண்டும். வடித்த கஞ்சியும் இறக்கிய குழம்பும் தரையில் வைக்கப்படலாகா. காப்பியோ தேநீரோ கலந்து கால் மணி நேரம் சென்றபின்னும் குழவியின் மெல்லிய தோலை வேகச்செய்யும் வெம்மை உடையது. மடியிற் குழந்தையை வைத்துக்கொண்டு காப்பி பருகும் வழக்கம் நம்மவர்க்கு மிகுதியாதலின் இதனைக் குறிப்பிட்டோம்.

இனி, வாயிற் புகும் பொருள்கள். பட்டினப்பாலையில், உலரும் நெல்லைக் கொத்த வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுத்துக் கிடந்ததாகப் படிக்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வ மிகுதிக்கு அஃது ஒரு சான்று என்று உரைப்பர். இக்காலத் தாயோ தரையிற் கிடக்கும் குழையைக் கண்டால் சிறுதேரை நினையாள்; அதனை விழுங்கத் தவழ்ந்து வரும் குழவியையே நினைப்பாள். இரண்டாம் ஆண்டில் குழவியின் நோக்கம் பெரிய பகட்டான பொருள்களை விட்டு மிகச் சிறிய பொருள்களையே நாடும் என்று மாண்டிசோரி அம்மையார் கண்டறிந்து எழுதினார். எறும்பையும் மணியையும் ஊசியையும் பெரியோர்க்கு முன்னரே அது கண்டுவிடும். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் குறுக்களவிற்கு உட்பட்ட எதுவும் மூச்சுக்குழலை அடைக்க வல்லது. வேர்க்கடலை, புளியங்கொட்டை, பொத்தான், நாணயம் என்பன யாவரும் அறிந்தவை. நம் மகளிர் வளையலிலும் தாலிச் சரட்டிலும் கோத்து வைக்கும் ஊக்குகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலுண்ணும் குழவியின் விரலுக்கு மிக அண்மையில் இருப்பவை அவையே.

இவற்றினும் கொடியது, கடிகாரத்திலும் விளையாட்டுப் பொம்மையிலும் உள்ள பொத்தான் வடிவப் பாட்டரி. உணவுக்குழலில் அது தங்குமாயின் ஈரத்தோடு சேர்ந்து மின்னோட்டம் உண்டாக, அவ்விடத்தில் காரப்பொருள் தோன்றி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கும். நாணயமென்று எண்ணி மறுநாள் வரை காத்திருத்தல் தகாது.

சூடமும் பாச்சையுருண்டையும் கற்கண்டு போலத் தோன்றுவன. சூடம் சிறிதளவு உட்சென்றாலும் சில நிமிடங்களில் வலிப்பை விளைக்கும். பாச்சையுருண்டை சில குழவிகளுக்கு இரத்தத்தின் செவ்வணுக்களை அழிக்கும். மயிலாப்பூர்க் கடைவீதியில் ஆவணித் திங்களில் விற்கும் களிமண் பிள்ளையார்க்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியின் செம்மையும் கருமையும் எக்குழவியையும் இழுக்கும். அதனை மென்று விழுங்கினால் நஞ்சு. அடையாற்றுத் தோட்டங்களிற் பூக்கும் பொன்னரளியின் கொட்டையும் அத்தகையதே. பினாயிலையும் மண்ணெண்ணெயையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. இதனை மட்டும் நாம் பிழை என்று கூறாது குற்றம் என்றே கூறுவோம். குழவியின் கண்ணுக்குப் புட்டியின் வடிவமே பெயர்ச்சீட்டு.

பால்கனிக் கம்பிகளின் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்கு மிகலாகாது. குறுக்குக் கம்பிகள் ஏணியாகிவிடுமாதலின் நெடுக்குக் கம்பிகளே ஏற்றவை. பூத்தொட்டியும் முக்காலியும் அங்கே வைக்கலாகா. பீரோவையும் டெலிவிஷனையும் சுவரோடு பிணிக்க. மின்துளைகளை மூடிகளால் அடைக்க. முப்பது மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியை மின்பணியாளர் கொண்டு பொருத்துக. சேலையிற் கட்டிய தூளி உறங்கும் பச்சிளங்குழவிக்கு நன்று. மூத்த குழந்தைகள் அதனை ஊஞ்சலாக முறுக்கி விளையாடுகையிற் கழுத்திற் சுற்றிக்கொள்ளும் ஆதலின், உறங்கி எழுந்தபின் அதனைச் சுருட்டி மேலே கட்டிவிடுதல் வேண்டும்.

நடைவண்டியைப் பற்றியும் ஒரு சொல். நம் மரத்து நடைவண்டியைக் குழவி பின்னே நின்று தள்ளுகிறது. தன் காலில் நிற்க வல்லதாயின் மட்டுமே அது செல்லும். குழவியை நடுவே அமர்த்திச் சுற்றிலும் உருளைகள் பொருத்திய புதுவகை வண்டியோ, நிற்கவே அறியாத குழவிக்கு ஓடும் விரைவைக் கொடுத்துப் படிக்கட்டின் விளிம்பிற்குக் கொண்டு செல்கிறது. கனடா நாட்டார் 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்தனர். நாமோ அதனைப் பிறந்தநாட் பரிசாக அளித்து வருகிறோம்.

‘நாங்களெல்லாம் இவையின்றி வளரவில்லையா?’ என்று வீட்டுப் பெரியோர் வினவுவர். அவர்களை மறுத்துரைப்பது நம் கருத்தன்று. ஆனால் இவ்வினாவை எழுப்பக் கூடியவர் வளர்ந்து நிற்பவர் மட்டுமே. மற்றொரு பக்கத்தார், எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் குழவியைக் கம்பிவேலிக்குள் இருத்திவிடுவர். அதுவும் தவறே. அடுக்களையில் மிகத் தாழ்ந்த அறை ஒன்றைப் பூட்டாது விட்டு, அதில் மரக்கரண்டி, எவர்சில்வர்க் கிண்ணம், மூடியோடு கூடிய டப்பா ஆகியவற்றை வைத்து, ‘இது உனது’ என்று காட்டுவோமாயின், பூட்டிய மற்ற ஒன்பது அறைகளையும் குழவி பெரும்பாலும் நாடாது. திறப்பதும் மூடுவதும் கவிழ்ப்பதும் அடுக்குவதும் அதற்கு ஒரு நாழிகைக்குப் போதிய தொழில். தாய்க்கும் அந்நாழிகையில் ஒரு கறி முடிந்துவிடும்.

எவ்வளவு காத்தாலும் சிற்சில நேரங்களில் ஏதம் நிகழவே செய்யும். வெந்த இடத்தில் மையும் பற்பசையும் இட்லி மாவும் பூசலாகா. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுக. மண்ணெண்ணெயோ அமிலமோ பினாயிலோ குடித்த குழவியை வாந்தியெடுக்கச் செய்யலாகா. திரும்பி வருகையில் அது நுரையீரலிற் புகும், அல்லது தொண்டையை மறுமுறையும் அரிக்கும். குடித்த புட்டியை உடன் எடுத்துச் செல்க. மருத்துவர் முதலில் வினவுவது அதனையே. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தி கிடைக்கிறது. அவ்வெண்ணையும், வீட்டின் கதவெண், தெருப் பெயர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றையும் ஓர் அட்டையில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவைத்தல் நன்று. பதறும் வேளையில் வேலையாளோ பாட்டியாரோ அதனைப் படித்தே சொல்லிவிடலாம்.